தமிழகத்தில் ஓர மடிப்புத் தையலின் வரலாறு

ஓர மடிப்புத் தையல் என்பது ஆடையின் வெட்டப்பட்ட விளிம்பை உட்புறமாக மடித்து, வெளிப்புறத்தில் தையல் தெரியாதபடி ஊசியாலும் நூலாலும் கையால் பிணைக்கும் முறையாகும். தமிழகத் தையற்கடைகளில் இது 'எம்மிங்' என்றும், பள்ளித் தையல் பாடங்களில் 'மடிப்புத் தையல்', 'ஓரத் தையல்' என்றும் வழங்குகிறது. ரவிக்கையின் கை ஓரம், இடுப்பு ஓரம், பட்டுப்பாவாடையின் அடி ஓரம், கால்சட்டையின் கால் ஓரம், சேலையின் உட்புறத்தில் வைக்கும் பால்ஸ் ஆகியவை இம்முறையால் முடிக்கப்படுகின்றன.

நன்றாகச் செய்யப்பட்ட எம்மிங்கை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே உடை வரலாற்றை எழுதியவர்களும் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் பெண்கல்வி தொடங்கிய விதம், மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம், வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களின் கூலி ஆகிய மூன்றுடனும் இந்தச் சிறு தையலுக்குத் தொடர்பு உண்டு.

ஓரம் மடிப்பது ஏன்?

தறியில் நெய்த துணியில் நீளவாட்டில் பாவு நூலும் குறுக்குவாட்டில் ஊடை நூலும் இருக்கின்றன. ஊடை நூல் ஒரு பக்க ஓரத்தை அடைந்ததும் திரும்பி மறுபக்கம் செல்கிறது. இவ்வாறு திரும்பும் இடமே துணியின் கரை. அங்கே நூல் அறுபடாததால் கரை பிரிவதில்லை. ஆனால் துணியைக் கத்தரியால் வெட்டினால் பல நூல்கள் அந்த இடத்தில் அறுந்து நிற்கின்றன. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் ஓரத்து நூல் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். இதையே 'துணி பிரிகிறது' என்கிறோம்.

ஓரத்தை இருமுறை மடித்துத் தைத்தால் அறுந்த நுனிகள் மடிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. துணி பிரியாமல் இருப்பது முதல் பயன். மடிப்பின் கனத்தால் ஆடை சுருளாமல் நேராகத் தொங்குவது இரண்டாம் பயன். பின்னாளில் பிரித்து நீளமாக்கிக்கொள்ள உள்ளே துணி இருப்பது மூன்றாம் பயன். வளரும் குழந்தைகளுக்குத் தைக்கும் பட்டுப்பாவாடையில் அகலமாக ஓரம் விடுவதும், நடுவில் டக் பிடிப்பதும், ஆண்டுக்கு ஒரு டக்காகப் பிரித்துவிடுவதும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த சிக்கன வழி.

பெயரும் பழஞ்சான்றுகளும்

'தையல்' என்ற சொல்லுக்குத் தைக்கும் செயல், ஒப்பனை, அழகு, பெண் ஆகிய பொருள்களை அகராதிகள் தருகின்றன. தைத்தல் துணிக்கு மட்டும் உரிய சொல் அன்று. ஆலிலையையும் மந்தார இலையையும் ஈர்க்கால் இணைத்து உண்கலம் ஆக்குவதை இன்றும் 'இலை தைத்தல்' என்றே சொல்கிறோம்.

தைத்தலைக் குறிக்கும் மற்றொரு பழஞ்சொல் 'துன்னல்' அல்லது 'துன்னம்'. துன்னுதல் என்றால் நெருங்குதல். இரு துணிகளை நெருக்கிச் சேர்ப்பதும் துன்னுதல் ஆயிற்று. வடமொழி அமரகோசத்திலும் தையற்காரரைக் குறிக்க 'துன்னவாய' என்ற சொல் இருக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் தோல் தைப்பவர்களையும் குறிப்பிடுகிறது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் 'மெய்ப்பை' எனப்படும் சட்டை அணிந்து வருகின்றனர்.

பொருநராற்றுப்படை இவ்வகையில் மிகவும் பயனுள்ள சான்று. கரிகாலனைக் காணச் சென்ற பொருநன் அணிந்திருந்த கந்தல், வியர்வையில் நனைந்து, வேறு நூல் நுழைத்துத் தைத்ததாக இருந்தது. மன்னன் அதை நீக்கி அவனுக்குக் கொடுத்த ஆடையோ இழை போன வழியைக் கண்ணால் காண இயலாத அளவு நுண்மையானது. ஒட்டுப்போட்ட தையல் வெளியில் தெரிவது வறுமையின் அடையாளமாகவும், இழை தெரியாமை செல்வத்தின் அடையாளமாகவும் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. தையல் வெளியே தெரியக்கூடாது என்று இன்றைய தையற்கடையில் எதிர்பார்ப்பதற்குப் பின்னாலும் இதே எண்ணம் இருக்கிறது.

தொல்லியல் சான்றுகளும் உண்டு. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கை, நூல் நூற்கும் தக்களிகள், கூரிய எலும்பு முனைக் கருவிகள், செப்பு ஊசி ஆகியவற்றை நெசவுத் தொழில் சார்ந்த பொருள்களாகக் காட்டுகிறது. உலக அளவில் ஊசியின் வயது இன்னும் பெரியது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2016 இல் கிடைத்த பறவை எலும்பு ஊசி ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் பழமையானதாகக் கணிக்கப்படுகிறது.

இடைக்காலத்தில் தையற்காரர்கள் கோயில் பணியாளர்களாகவும் இருந்தனர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயிலுக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்களுள் கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர் ஆகியோருடன் தையற்காரரையும் மணிகளை வைத்துத் தைப்பவரையும் சேர்த்துச் சொல்கிறது.

தைக்காத உடையும் அதன் ஓரமும்

தமிழர் உடையில் பெரும்பகுதி தைக்காதது. வேட்டி, துண்டு, சேலை ஆகியவை தறியிலிருந்து இறங்கியபடியே கட்டப்படுபவை. அவற்றின் இரு நீள ஓரங்களிலும் கரை இருப்பதால் அங்கே மடிப்பு தேவையில்லை. பாவு அறுக்கப்படும் இரு முனைகளுக்கே பாதுகாப்பு வேண்டும். அதற்குத் தமிழகத்தில் மூன்று வழிகள் நிலைத்தன.

முதலாவது, விடப்பட்ட பாவு நூல்களை முறுக்கி முடியிடுதல். பட்டுச் சேலையின் முந்தானையில் குஞ்சம் கட்டுவது இவ்வகை. இரண்டாவது, ஓரம் அடித்தல். சேலையின் உள்முனையையும் வேட்டியின் முனைகளையும் மெலிதாக மடித்துத் தைப்பது இவ்வகை. மூன்றாவது, மூட்டுதல். கைலியின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாகத் தைப்பதை 'மூட்டுதல்' என்பர். கடையில் கைலி வாங்கும்போது 'மூட்டியதா, மூட்டாததா?' என்று கேட்பது வழக்கம்.

சேலையின் அடிக்கரைக்கு உட்புறமாகப் பால்ஸ் என்ற நாடாத் துணியைத் தைப்பது பிற்காலத்தில் பரவிய பழக்கம். தரையிலும் செருப்பிலும் உரசிக் கரை கிழியாமல் காப்பதும், கொசுவம் நேராக விழச் செய்வதும் அதன் பயன்கள். நல்ல சேலைக்குப் பால்ஸ் வைப்பவர்கள் இன்றும் மேல் ஓரத்தைக் கையால்தான் தைக்கிறார்கள். இயந்திரத் தையல் போட்டால் வெளியே நேர்கோடாகத் தெரியும். மெல்லிய பட்டு சுருங்கியும் விடும்.

மிஷன் பள்ளிகளில் ஊசி வேலை

வெட்டித் தைத்த மேலாடை பரவியபோதுதான் மடிப்புத் தையல் பெருவழக்காயிற்று. அதைப் பெண்களுக்குப் பாடமாகக் கற்பிக்கும் முறை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ மிஷன் பள்ளிகளில் உருவானது.

அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் ஆகியோர் 1819 இல் பணியைத் தொடங்கினர். மார்த்தா மால்ட் பெண்கள் பள்ளியில் எழுத்துடன் தையலையும் கற்பித்தார்; பின்னர்ப் பின்னல் வேலையான லேஸையும் சேர்த்தார். நாகர்கோவில் லேஸ் புகழ்பெற்றதன் தொடக்கம் இதுவே. அவருடைய மகள் எலிசா 1844 இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் பெண்கள் பள்ளியையும் லேஸ் வேலையையும் வளர்த்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மாணவர்கள் அறிவர். அதே ஊரில் அவர் மனைவி நடத்திய ஊசி வேலைப் பள்ளி பல குடும்பங்களுக்குப் பல தலைமுறைக்கு வருமானம் தந்தது.

இலங்கையில் அமெரிக்க மிஷன் 1824 இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியிலும் படிப்புடன் தையல் கற்பிக்கப்பட்டது.

பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட பெற்றோரும் தையல் கற்பதை மறுக்கவில்லை. அந்த வகையில் ஊசி பல சிறுமியரைப் பள்ளிக்கு அழைத்துவந்தது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. ஆண் பிள்ளைகள் கணக்குப் போட்ட நேரத்தில் பெண் பிள்ளைகள் ஓரம் மடித்தனர். 1882 இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, பெண்களின் தொடக்கக் கல்வி ஆண்களுடையதைவிட எளிதாகவும் இல்வாழ்க்கைத் தேவைகளை ஒட்டியும் அமையவேண்டும் என்று பரிந்துரைத்தது. கதவைத் திறந்த ஊசியே உள்ளே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கும் எல்லை வகுத்தது.

மேலாடை உரிமையும் கைத்தையலும்

தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மேலாடை அணிய அன்று தடை இருந்தது. கிறித்தவத்தைத் தழுவிய பெண்கள் மேலாடை அணிந்தபோது தாக்கப்பட்டனர். கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறித்தவப் பெண்கள் சிரியக் கிறித்தவரைப் போலக் 'குப்பாயம்' என்னும் சட்டை அணியலாம் என்று ஆணையிடப்பட்டது. உயர்சாதிப் பெண்களைப் போல மேல்துண்டு போடும் உரிமை மறுக்கப்பட்டது. 1829 ஆம் ஆண்டு அரசு அறிவிப்பும் இந்த வேறுபாட்டைத் தொடர்ந்தது.

ஆகவே அனுமதிக்கப்பட்டது தைத்த சட்டை. மறுக்கப்பட்டது தைக்காத மேல்துண்டு. மிஷனரிகளின் மனைவியர் குட்டைக் கை கொண்ட தளர்ந்த சட்டை ஒன்றை இதற்காக வடிவமைத்தனர். எலியாஸ் ஹோவ் தம் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846 இல். ஐசக் சிங்கர் பெற்றது 1851 இல். அதற்கு முன்னர் அப்பகுதிப் பெண்கள் அணிந்த ஒவ்வொரு சட்டையின் கழுத்து ஓரமும் கை ஓரமும் அடி ஓரமும் கையால் மடித்துத் தைக்கப்பட்டவையே. தையல் அங்கே அலங்காரக் கலையாக இருக்கவில்லை. சட்டை தைக்கத் தெரிந்த பெண்கள் ஊரில் இருந்ததால்தான் ஏட்டில் இருந்த ஆணை உடம்பில் உடையாக மாறியது.

1858 இலும் 1859 இலும் மீண்டும் பெருங்கலவரங்கள் நடந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின் உத்திரம் திருநாள் மகாராஜா 26 சூலை 1859 அன்று அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். நாடார் பெண்கள் அனைவரும் சட்டையோ முரட்டுத் துணியோ அணியலாம் என்றும், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்றும் அது கூறியது. அந்த எல்லையும் காலப்போக்கில் அழிந்தது. இப்பகுதி 1 நவம்பர் 1956 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தது.

பள்ளிப் பாடமாகத் தையல்

20 ஆம் நூற்றாண்டில் தையல் மிஷன் பள்ளிகளுக்கு வெளியிலும் பரவியது. சென்னையில் 1928 இல் தொடங்கிய சேவா சதனம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம், துர்காபாய் 1937 இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபை ஆகியவை ஆதரவற்ற பெண்கள் தம் காலில் நிற்கக் கைத்தொழிலும் கற்பித்தன.

அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி ஆகியவற்றுடன் தையலுக்கும் சிறப்பாசிரியர் பணியிடம் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்கு 'லோயர்', 'ஹையர்' என வழக்கில் அழைக்கப்படும் இரு நிலைகள் இருந்துவருகின்றன. இத்தேர்வில் தேறித் தையல் ஆசிரியர் ஆனவர்கள் பலர்.

தையல் வகுப்பில் மாணவி ஒரு மாதிரி ஏடு தயாரிக்கவேண்டும். சிறு சதுரமாக வெட்டிய வெள்ளை மல் துணியில் ஓட்டுத்தையல், பின்தையல், எம்மிங், காஜா, கொக்கி, ஒட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தைத்து, தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதவேண்டும். வெள்ளைத் துணியில் பெரும்பாலும் சிவப்பு நூலையே கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத தையலைக் கற்க, நன்றாகத் தெரியும் நூல் வேண்டும். இடைவெளி கோணினால் சிவப்பு நூல் காட்டிக்கொடுத்துவிடும். கை பழகிய பிறகே துணியின் நிறத்திலேயே நூல் கொடுக்கப்படும்.

கைமடிப்புத் தையல் வகைகள்

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க ஐந்து வகைகள் கீழே தரப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. மடிப்பை முதலில் இஸ்திரி போட்டுப் படியவைக்கவேண்டும். நூல் ஒற்றை இழையாக, ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்கு இருந்தால் போதும். நீளம் கூடினால் சிக்கும். ஊசி 9 அல்லது 10 ஆம் எண்ணாக இருக்கட்டும். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். முடிச்சு மடிப்புக்குள் மறைய வேண்டும். நூலை இறுக்கி இழுக்கக்கூடாது. இறுக்கினால் வெளியே சிறு குழிகள் வரிசையாகத் தெரியும்.

1. சாய்வு எம்மிங்: இதுவே மிகவும் பரவலான வகை. வெளித் துணியில் ஒன்றிரண்டு இழைகளை மட்டும் ஊசி முனையால் எடுத்து, உடனே மடிப்பின் ஓரத்தில் ஏற்றி இழுக்கவேண்டும். உட்புறம் சாய்ந்த சிறு கோடுகளும் வெளிப்புறம் புள்ளி போன்ற தடமும் இருக்கும். ரவிக்கைக்கு ஏற்றது. உறுதியானது.

2. மறைதையல்: கடைகளில் இதை 'ஸ்லிப் ஸ்டிட்ச்' என்பர். ஊசி மடிப்பின் உள்ளே சுரங்கம் போல அரை செ.மீ. அளவு ஓடி வெளியே வந்து, எதிரே உள்ள துணியில் ஓர் இழையை எடுத்து, மீண்டும் மடிப்புக்குள் நுழையும். நூல் மடிப்புக்குள்ளேயே இருப்பதால் உட்புறத்திலும் தெரியாது. உரசலில் நூல் தேய்வதும் இல்லை. பால்ஸ் வைக்கவும் பட்டுத் துணிக்கும் ஏற்றது.

3. உள்ளோரத் தையல்: மடிப்பின் மேல் ஓரத்தை அரை செ.மீ. பின்னே திருப்பிப் பிடித்து, இரு துணிகளுக்கும் நடுவில் தைப்பது. மடிப்பின் மேல் ஓரம் தளர்வாக நிற்பதால் வெளித் துணியில் அதன் தடம் பதிவதில்லை.

4. ஹெர்ரிங்போன் தையல்: இடமிருந்து வலமாகச் செல்வது. ஊசி முனை மட்டும் இடப்பக்கம் நோக்கியிருக்கும். மேலும் கீழுமாக மாறி மாறி எடுப்பதால் நூல்கள் மீன் முள் போலக் குறுக்கே கடக்கும். சற்று இழுபடும் தன்மை உள்ளது. கம்பளித் துணிக்கும் தடித்த கால்சட்டைத் துணிக்கும் ஏற்றது.

5. சுருட்டு ஓரம்: மெல்லிய துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சிறிது சிறிதாகச் சுருட்டிக்கொண்டே தைப்பது. கைக்குட்டைக்கும் மல் துப்பட்டாவுக்கும் ஏற்றது. ஐந்தில் கடினமானது இதுவே.

வட்டமாகவோ குறுக்கு வாட்டத்திலோ வெட்டிய பாவாடையை உடனே ஓரம் மடிக்கக்கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டால் குறுக்கான இடங்கள் சற்று நீண்டுவிடும். பிறகு தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டி மடிக்கவேண்டும்.

இயந்திரம் வந்த பின்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கர் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் 1930களில் உஷா இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெருந்தொழில் இயந்திரங்களை எதிர்த்த காந்தியடிகளும் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனிதர் கண்டுபிடித்த பயனுள்ள பொருள்கள் சிலவற்றுள் அது ஒன்று என்று 1924 இல் ஓர் உரையாடலில் கூறினார்.

தமிழ்நாட்டில் ஏழைப் பெண்ணின் பிழைப்புக்கு அடையாளமாகவே தையல் இயந்திரம் மாறிவிட்டது. முன்னாள் அமைச்சர் சத்தியவாணி முத்துவின் பெயரால் நடைபெறும் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு இயந்திரம் வழங்குகிறது. பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளைச் சமூக நலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் வழங்கப்படுகின்றன.

ஓரம் மடிப்பதற்கும் இயந்திரங்கள் உண்டு. வளைந்த ஊசி மடிப்பின் முதுகை மட்டும் தொட்டுச் செல்லும் வகையில் அவை அமைந்துள்ளன. ஆயத்த ஆடைக் கால்சட்டைகளின் கால் ஓரம் பெரும்பாலும் இவ்வாறு தைக்கப்படுகிறது. அது ஒற்றை நூலில் போடும் சங்கிலித் தையல். ஒரு முனை அறுந்து இழுபட்டால் முழு ஓரமும் நிமிடத்தில் பிரிந்துவிடும். கையால் போட்ட எம்மிங்கில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் ஒன்றிரண்டு தையல்களே கழலும். திருப்பூர்ப் பனியன் துணி நெய்ததன்று, பின்னியது. அது இழுபடும் துணியாதலால் அதன் ஓரத்துக்குப் பேட்லாக் இயந்திரம் பயன்படுகிறது. அங்கே வெளியில் தெரியும் இரட்டைக் கோட்டை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

எனவே எல்லா உடைக்கும் கைமடிப்பு வேண்டும் என்பதில்லை. அன்றாடச் சீருடைக்கு இயந்திர ஓரமே உறுதி. மெல்லிய பட்டு, கனத்த கம்பளி, வளரும் குழந்தையின் உடை ஆகியவற்றில்தான் கைத்தையலுக்கு ஈடில்லை.

தையற்கடையும் வீட்டுக் கூலியும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அச்சில் வார்த்த பீங்கான் பொம்மையில் இரு அச்சுகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழும். சூளைக்குப் போகுமுன் அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து மறைத்துவிடுவார்கள். வாங்குபவருக்கு அந்தக் கோடு இருந்ததே தெரியாது. அதற்குச் செலவான நேரமும் தெரியாது. எம்மிங்கின் நிலையும் இதுவே.

இத்தகைய ஊர்களின் கடைத்தெருவில், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் ரவிக்கை தைக்கும் கடைகளில் வேலை குவியும். வெட்டுவதும் இயந்திரத்தில் தைப்பதும் கடையில் நடக்கும். எம்மிங், கொக்கி, காஜா ஆகிய கைவேலைகள் பல இடங்களில் அக்கம்பக்கத்துப் பெண்களின் வீட்டுக்குப் போகும். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று பேசப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரவிக்கையின் இரு கை ஓரங்களும் தலா 30 செ.மீ., இடுப்பு ஓரம் 80 செ.மீ. என்று கொண்டால் மொத்தம் 140 செ.மீ. அரை செ.மீ.க்கு ஒரு தையல் என்றால் 280 தையல்கள். நிமிடத்துக்கு 15 தையல் போடும் தேர்ந்த கைக்கும் எம்மிங்குக்கு மட்டும் ஏறக்குறைய 19 நிமிடம் ஆகும். கொக்கி வைப்பதும், நூல் கோப்பதும், துணியைக் கொண்டுவந்து கொடுப்பதும் இதில் சேரவில்லை. உருப்படிக் கூலியை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் அது நியாயமானதா என்பது விளங்கும். கூலி பேசும் இடத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் போடப்படுவதில்லை. வீட்டு வேலைக்கு நடுவே பொழுதுபோக்காகச் செய்வது என்றே அது பார்க்கப்படுகிறது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆந்திரத்தின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982 இல் வெளியிட்ட ஆய்வு நூல், ஏற்றுமதிக்காக உழைக்கும் அப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதைக் காட்டியது. இங்கிலாந்தில் சட்டை தைக்கும் பெண்களின் துயரைப் பற்றித் தாமஸ் ஹூட் எழுதிய கவிதை 1843 இல் வெளியாகிப் பெரும் விவாதத்தை எழுப்பியது. அகமதாபாத்தில் இலா பட் 1972 இல் தொடங்கிய சேவா சங்கம், வீட்டிலிருந்து தைக்கும் பெண்களையும் தொழிலாளர்களாகத் திரட்டியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் வீட்டு வேலையாளர்களுக்கான 177 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தையல் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. கடையில் அமர்ந்து தைப்பவரைப் போலவே வீட்டில் எம்மிங் செய்பவரும் தையல் தொழிலாளியே. அவர்கள் தம்மை அவ்வாறு கருதிப் பதிவுசெய்துகொண்டால்தான் வாரியத்தின் பயன் அவர்களுக்குக் கிட்டும்.

இன்றைய நிலை

ஆயத்த ஆடைகளின் பெருக்கத்தால் வீடுகளில் ஊசி எடுப்பது குறைந்துவிட்டது. இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பியூசிங் நாடாவைக் கொண்டு ஓரம் மடிப்பவர்களும் உள்ளனர். பல துவைப்புகளுக்குப் பின் பசை விடுவது அதன் குறை. அதே நேரத்தில், பழைய உடையைத் தூக்கி எறியாமல் செப்பனிட்டு அணியும் பழக்கத்துக்கு உலகெங்கும் புது மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. ஜப்பானியரின் சாஷிகோ முறையில் ஒட்டுத் தையலை மறைக்காமல் அழகாகவே காட்டுவர். வட இந்தியாவின் ரஃபு வேலைக்காரர்கள் சால்வையின் கிழிசலை அதே இழையால் நெய்து அடையாளமே இல்லாமல் ஆக்குவர். நம் எம்மிங் இரண்டாவது மரபுக்கு நெருங்கியது.

பள்ளியில் தையலைப் பெண்களுக்கு மட்டும் உரிய பாடமாக வைக்கவேண்டிய காரணம் இன்று எதுவும் இல்லை. தன் கால்சட்டையின் ஓரத்தைத் தானே மடிக்கத் தெரிந்த மாணவன் ஒரு திறனைக் கற்கிறான். அத்துடன் அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கற்கிறான். கூலி கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது அந்த அறிவு அவனுக்கு உதவும்.

இவ்வரலாற்றை இனி எழுதுபவர்களுக்குச் சான்றுகள் பழைய பெட்டிகளில் இருக்கின்றன. தாயோ பாட்டியோ பள்ளியில் தைத்த மாதிரி ஏடு, டக் பிரித்த பட்டுப்பாவாடை, கையால் தைத்த ரவிக்கை ஆகியவை கிடைத்தால் மாணவர்கள் அவற்றை ஒளிப்படம் எடுத்து, தைத்தவர் பெயர், ஊர், பள்ளி, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். படம் எடுக்கும்போது உடையை உட்புறமாகத் திருப்பியும் ஒரு படம் எடுக்கவேண்டும். வெளிப்புறத்தில் துணிதான் தெரியும்; தைத்தவரின் கை உட்புறத்தில்தான் இருக்கிறது.